ஆறு மாதத்துக்கு ஒரு முறை

2024 மே 6, திங்கட்கிழமை, புதுச்சேரி மிஷன் வீதியில் உள்ள ஒரு பல் மருத்துவமனையில், ஏமா என்ற முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குத் தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்-ரே எடுக்கப்பட்டது. இடது கீழ்த்தாடையின் ஞானப்பல் பாதி வெளியிலும் பாதி ஈறுக்குள்ளுமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் வேர் நரம்பை ஒட்டியிருந்தது. இப்போது எடுக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொன்னார்.

அந்த நேரத்தில் ஏமாவின் கணவன் தணிகாசலம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு மொட்டைமாடியில் குந்தியிருந்தான். எதிரே கழற்றிப் போட்ட ஏசி யூனிட், தலைமேல் ஈரத்துண்டு. மே மாதத்தில் ஏசி மெக்கானிக்கின் பெண்டாட்டிக்குப் புருஷன் கிடையாது என்பது அவனே சொல்லிச் சிரிக்கும் பேச்சு. காலையில் ஆறரைக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். ஊரில் வெயில் ஏற ஏற அவனுடைய போன் ஓயாது.

அன்று கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டான். ஏமா காபி போட்டுக் கொடுத்தாள்.

"பல்லு காட்டப் போறேன்னியே, என்னா சொன்னாங்க?"

"எடுக்க வேணாமாம். வீக்கம் வடிஞ்சுடுச்சு. அடுத்த வாரம் ஒருவாட்டி காட்டணும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதடவ போனா போதும்."

"நல்லதாப் போச்சு. எந்த டாக்டரு?"

"திதியே. எங்கூட பிரெஞ்சு ஸ்கூல்ல, லிசேல படிச்சவன். இவ்ளோ நாளு பெங்களூர்ல இருந்தான். இப்பதான் இங்க வந்து கிளினிக் வெச்சிருக்கான்."

காபி நன்றாகத்தான் இருந்தது. தணிகாசலம் பாதியில் டம்ளரைக் கீழே வைத்தான்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"எனக்கா?" என்றாள் ஏமா.

"அந்த ஆளுக்கு."

"ஆச்சு. இப்ப பிரிஞ்சுட்டாங்க."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தணிகாசலம் கைபேசியில் அந்த மருத்துவமனையின் பெயரைப் போட்டுத் தேடினான். படம் வந்தது. வெள்ளைக் கோட்டு, ஒழுங்காக வெட்டிய தாடி, பல் டாக்டர் என்பதால் பல்லெல்லாம் வரிசை. விரல்கள்கூடத் தெரிந்தன. நீளமான விரல்கள். அந்த விரல்கள் எங்கே போய் வந்தன என்று நினைத்துப் பார்த்தான். கைபேசியை முகம் கீழாகக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த வாரம் ஏமா கிளம்பும்போது அவன் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றான்.

"எங்க?" என்றாள்.

"கூட வரேன்."

"மே மாசத்துலயா?"

"பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னா மே என்ன, ஜூன் என்ன?"

ஏமா அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஏமாவின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பம். அந்த வீடுகளில் பார்த்துக்கொண்டால் கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு பக்கமும் வணக்கம் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் தணிகாசலத்துக்கு அது பெரிய பாடாக இருந்தது. புது வருஷத்தன்று ஏமாவின் அத்தைகளும் சித்திகளும் வரிசையாக வருவார்கள். எந்தக் கன்னத்தை முதலில் கொடுப்பது என்று தெரியாமல் அவன் இரண்டு அத்தைகளின் மூக்கில் மோதியிருக்கிறான். பிறகு பழகிவிட்டது. யார் யாருக்கு வணக்கம் சொன்னாலும் அவன் அதைப் பார்த்ததாகவே நினைப்பதில்லை.

ஆனால் அன்று மிஷன் வீதியில் பார்த்தான். கதவைத் திறந்துகொண்டு வந்த திதியே, "ஏமா" என்று குனிந்து வலது கன்னம் வைத்தான், பிறகு இடது கன்னம் வைத்தான். இடது கன்னத்தில் கொஞ்சம் பார்த்து, மெதுவாக வைத்தான். வீங்கியிருந்த பக்கம் அது என்று ஒரு டாக்டருக்குத் தெரியும்தானே. தணிகாசலத்துக்கு அது தோன்றவில்லை. மெதுவாக வைத்தான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

தணிகாசலத்துக்குக் கை கொடுத்தான் திதியே. "வாங்க சார். உக்காருங்க."

அதன்பிறகு பேச்சு பிரெஞ்சுக்குப் போய்விட்டது. ஏமா நாற்காலியில் சாய்ந்தாள், வாயைத் திறந்தாள். திதியே விளக்கை இழுத்துச் சரிசெய்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தான். என்னவோ கேட்டான். திறந்த வாயோடு ஏமா 'ஆ' என்றும் 'ஊ' என்றும் பதில் சொன்னாள், அது திதியேவுக்குப் புரிந்தது. அவன் ஒன்று சொல்ல, கண்ணாடி உள்ளே இருக்கும்போதே ஏமா சிரித்தாள். தோள் குலுங்கிற்று. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சிரித்துத் தணிகாசலம் பார்த்ததில்லை.

தலைக்கு மேலே ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். தணிகாசலம் அதையே பார்த்தான்.

திதியே கையுறையைக் கழற்றிக்கொண்டே கவனித்துவிட்டான். "நீங்க ஏசி வேலைதான பாக்குறீங்க சார்? ஏமா சொல்லியிருக்கா. இது ஏன் இப்படிச் சொட்டுது?"

"தண்ணி வெளிய போற பைப்புல அடைப்பு. சுத்தம் பண்ணினா சரியாயிடும்."

"எத்தன நாளுக்கு ஒருதடவ பாக்கணும்?"

தணிகாசலம் வாயைத் திறந்தான். "ஆறு மாசத்துக்கு ஒருதடவ," என்றான். உண்மை அதுதான்.

"அப்ப நீங்களே வந்து பாத்துக் குடுங்களேன்."

"ஆளை அனுப்புறேன்," என்றான் தணிகாசலம்.

வரும் வழியில் நேரு வீதி நெரிசலில் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். அவன் மனசுக்குள் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறேன், வந்து பார்க்கிறேன் என்று ஒரு ஆண் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் தணிகாசலத்தைவிடத் தெரிந்தவன் கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன் முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ஏசி மாட்டப் போனான். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்ற கஸ்தோன் என்பவரின் வீடு. மகள் ஏமா எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். மெஷின் புத்தம் புதுசு, குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் தணிகாசலம் மீட்டரை வைத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, "கேஸ் கொஞ்சம் கம்மியா காட்டுது சார், அடுத்த மாசம் வந்து பாக்குறேன்," என்றான். அடுத்த மாதம் வந்தான், பார்த்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். அந்தக் கோடையில் புதுச்சேரியிலேயே அதிகமாகக் கவனிக்கப்பட்ட ஏசி அதுதான். கடைசியில் கஸ்தோன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்.

அந்தக் கதையை அவன் நண்பர்களிடம் பல முறை சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறான். இப்போது அது நெஞ்சில் குத்திற்று. பல்லை எடுத்துவிட்டால் முடிந்தது, அப்புறம் வர வேண்டியதில்லை. எடுக்காமல் வைத்திருந்தால் நவம்பரில் ஒரு தரம், மே மாதம் ஒரு தரம். ஆயுசு முழுக்க. அப்படியானால் எந்த டாக்டர் எடுக்கச் சொல்வான்?

"அந்தப் பல்ல எடுத்துடலாம் ஏமா," என்றான் அன்று சாப்பிடும்போது.

"ஏன்? வலிக்கலியே."

"வேலை செய்யாத பார்ட்ட உள்ள வெச்சிருக்கக் கூடாது. ஒருநாள் பாத்து மொத்த மெஷினையும் கெடுத்துடும்."

"நான் மெஷினா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எடுத்தா உதடு மரத்துப் போவலாம்னு திதியே சொன்னான். நரம்பு பக்கத்துல இருக்காம். எனக்குப் பொழப்பே உதட்டுலதான் ஓடுது."

ஏமா, பிரான்சுக்குப் போக இருக்கிறவர்களுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள். உதட்டைக் குவித்து, நீட்டி, இழுத்துக் காட்டுவதுதான் வேலையில் பாதி. அதெல்லாம் தணிகாசலத்துக்குத் தெரியும். ஆனால் அவன் காதில் விழுந்தது 'திதியே சொன்னான்' மட்டுமே.

ஒருநாள் சாயங்காலம் மாமனார் வீட்டுப் பக்கம் வேலை வந்தது. முடித்துவிட்டு எட்டிப் பார்த்தான். கஸ்தோன் பெத்தாங்க் விளையாடப் போகத் தயாராகி, இரும்புக் குண்டுகளைப் பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயதிலும் பேன்ட்டில் மடிப்பு கலையாத மனிதர்.

"பொன்ஷூர் மாப்ள. மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? கம்ப்ரஸர் போச்சா?"

தணிகாசலம் சுற்றி வளைத்துப் பல்லில் ஆரம்பித்தான். மிஷன் வீதி என்றான், ஆறு மாதம் என்றான். கஸ்தோனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குண்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"திதியேவா? அவன் அப்பா எங்கூட ஒரே படையில இருந்தான். நல்ல பையன்யா. நீ உன்னைப் போலவே எல்லாரையும் நெனைக்காத."

"நான் என்னா மாமா பண்ணினேன்?"

"என் மெஷின்ல கேஸ் கொறையுதுன்னு மாசா மாசம் வந்தியே, மறந்துட்டியா? எனக்கு அப்பவே தெரியும். ஆப்பிரிக்காவுல, ஜிபூத்தியில ஆறு வருஷம் இருந்தவன் நானு. ஏசி இல்லாம ஒரு நாள் தூங்குனதில்ல. கேஸ் கொறைஞ்ச மெஷின் எப்படி ஓடும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"நான் எங்க விட்டேன்? அவதான் விடல. நீ சொன்ன தேதிக்கு வரலன்னா ரிமோட்டுல இருந்து பேட்டரிய உருவி ஒளிச்சு வெச்சுட்டு, 'பப்பா, ஏசி ஓட மாட்டேங்குது, அந்த மெக்கானிக்குக்குப் போன் போடுங்க'ன்னு வந்து நிப்பா. நானும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி போன் போடுவேன். வுவாலா, அவ்ளோதான்." கஸ்தோன் குண்டுகளைப் பையில் போட்டார். "அவளுக்கு உன்னைத்தான் புடிச்சுது. அதைச் சொல்லத்தான் சொன்னேன். நிம்மதியாப் போ."

நிம்மதியாகப் போகச் சொல்லித்தான் அவர் சொன்னார். வேறு எந்த மருமகனும் அதைக் கேட்டுக் குளிர்ந்துபோயிருப்பான். தணிகாசலமும் தெருமுனை வரை குளிர்ந்தான். தெருமுனையில் வண்டியைத் திருப்பும்போது அவனுக்கு வேறொன்று தோன்றிற்று. ஓடுகிற மெஷினை ஓடவில்லை என்று சொல்லி ஒரு ஆளை வரவைக்கத் தெரிந்தவள் அவள். இவ்வளவு நாளும் அந்த டாக்டர்தான் அவளை வரச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவளே போகக் காரணம் தேடிக்கொண்டிருந்தால்?

அதன்பிறகு வீடு வரும்வரை எந்தச் சிக்னலில் நின்றான், எதில் நிற்கவில்லை என்று அவனுக்கு நினைவில்லை.

ஏமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏமா, ஒண்ணு கேக்கட்டா? உனக்கு நெசமாவே வலிச்சுதா?"

"எது?"

"பல்லுதான். நெசமாவே வலிச்சுதா, இல்ல…"

"இல்ல?"

"உங்கப்பா பேட்டரி விஷயம் சொன்னாரு."

ஏமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வருவதுபோல் உதடு அசைந்தது. அடுத்த நொடி அது நின்றுவிட்டது. மடித்த துண்டை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சரி. எடுத்துடலாம்," என்றாள்.

"நான் என்ன சொல்றேன்னா…"

"நீ எங்க சொல்றியோ அங்கியே எடுத்துக்கிறேன். யாருகிட்ட வேணா. ஆனா ஏன் எடுக்கணும்னு டாக்டர் கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

ரெட்டியார்பாளையத்தில் டாக்டர் சந்திரகலா வாய், தாடை அறுவை சிகிச்சை செய்பவர். அவருடைய மருத்துவமனைக்கு ஏசி மாட்டியது தணிகாசலம்தான். ஐம்பது வயது, கறாரான பேச்சு. பெண் என்பதும் ஒரு வசதி. சனிக்கிழமை மத்தியானம் போனார்கள். ஏமா எக்ஸ்-ரேயைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வீட்டில் 'நீ' என்று பேசுகிறவள் வெளியே வந்தால் 'அவரு' என்பாள்.

சந்திரகலா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஏமாவின் வாயைப் பார்த்தார். "இதை எடுக்கணும்னு யாரு சொன்னது?"

"நான்தான் டாக்டர்," என்றான் தணிகாசலம்.

"எதுக்கு?"

ஏமா ஜன்னலைப் பார்த்தாள். "அவரு சொல்லுவாரு."

"தொந்தரவு குடுத்துச்சு டாக்டர். வீங்கிடுச்சு."

"எப்ப?"

"போன மாசம்."

"எத்தன நாளு இருந்துச்சு?"

"ஒரு நாள்… ரெண்டு நாள்."

"நாலு நாள்," என்றாள் ஏமா, ஜன்னலைப் பார்த்தபடியே.

"காய்ச்சல்?"

தணிகாசலம் ஏமாவைப் பார்த்தான். "இல்ல," என்றான்.

"ஒரு நாள் இருந்துச்சு டாக்டர்."

"வாய் திறக்க முடிஞ்சுதா?" சந்திரகலா இப்போது ஏமாவிடமே கேட்டார்.

"முடியல. ஸ்பூன் நுழையல. கஞ்சியை டம்ளர்ல ஊத்திக் குடிச்சேன். விழுங்கும்போது காதுவரைக்கும் குத்தும்."

தணிகாசலம் அந்த நாட்களைத் தேடிப் பார்த்தான். ஏப்ரல் கடைசி. லாசுப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டப வேலை. இரவு எட்டுக்குமேல் வருவான், ஏமா சாப்பாடு எடுத்து வைப்பாள். நீ சாப்பிடலையா என்று கேட்டதற்கு அப்பவே சாப்பிட்டேன் என்று பல்லைக் கடித்தமாதிரி சொன்னாள். கோபமாக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் ரசத்தில் உப்பு தூக்கல் என்றுகூடச் சொன்னான். அவள் வாயில் வைத்துப் பார்த்திருந்தால்தானே அவளுக்குத் தெரியும்.

இதெல்லாம் அந்த ஆளுக்குத் தெரியும். எந்த நாள் வீங்கிற்று, எந்தப் பக்கம், எவ்வளவு திறந்தது, எப்படி விழுங்கினாள், எல்லாம் கேட்டு வைத்திருப்பான். தணிகாசலத்துக்கு நெஞ்சு எரிந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்தபோதுகூட இப்படி எரியவில்லை.

சந்திரகலா படத்தை அவன் பக்கம் திருப்பினார். "எடுக்கணும்னா காரணம் வேணும் சார். திரும்பத் திரும்ப வீங்கணும். இல்ல சொத்தை இருக்கணும், பக்கத்துப் பல்ல இடிச்சு அரிக்கணும், உள்ள கட்டி கட்டணும். இவங்களுக்கு ஒருதடவதான் வந்திருக்கு, சுத்தம் பண்ணினதுல அடங்கிடுச்சு. இங்க பாருங்க, இந்த ரெண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவுல இருக்கே, அதான் நரம்பு போற வழி. வேரு அது மேலயே உக்காந்திருக்கு. எடுக்கும்போது நசுங்கினா கீழுதடு மரத்துப் போவும். முக்கால்வாசிப் பேருக்குச் சில மாசத்துல சரியாயிடும். சில பேருக்கு ஆவாது. என்ன வேலை பாக்குறீங்கம்மா?"

"பிரெஞ்சு சொல்லிக்குடுக்குறேன்."

"அப்ப உதடு வேணும்." அவர் தணிகாசலத்தைப் பார்த்தார். "இப்ப சொல்லுங்க. எதுக்கு எடுக்கணும்?"

தணிகாசலம் நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டான். சுவரில் அவன் மாட்டிய ஏசி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுக்கலன்னா ஆறு மாசத்துக்கு ஒருதடவ மிஷன் வீதிக்குப் போவணும் டாக்டர்."

"போனா என்ன? தூரமா?"

"தூரமில்ல."

"அப்புறம்?"

"அந்த டாக்டர் இவகூடப் படிச்சவரு," என்றான். அவ்வளவு சின்னக் குரலில் அவன் பேசி ஏமா கேட்டதில்லை.

சந்திரகலா சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷத் தொழிலில் இதைவிட மோசமான காரணங்களை அவர் கேட்டிருக்க வேண்டும். "அதுக்குப் பல்லு என்ன பண்ணும்?" என்றார். "நான் எடுக்க மாட்டேன். பாத்துக்கணும், அவ்ளோதான். ஆறு மாசத்துக்கு ஒருதடவ இங்க வாங்க, நானே பாக்குறேன். வீடும் பக்கம்."

"அது சரிங்க டாக்டர்," என்றான் தணிகாசலம், அவர் முடிப்பதற்குள்.

ஏமா எழுந்து எக்ஸ்-ரேயை உறையில் போட்டாள். "ரொம்ப தேங்க்ஸ் டாக்டர். உங்ககிட்ட வர்றதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா நான் மிஷன் வீதியிலயே காட்டிக்கிறேன்."

வெளியே விழுப்புரம் சாலையில் பஸ்கள் ஹாரனை அடித்துக்கொண்டு போயின. வண்டிக்குப் பக்கத்தில் நின்று தணிகாசலம் கேட்டான். "இவங்களும் அதையேதான சொன்னாங்க? அப்ப இங்கியே வந்தா என்ன? அங்கதான் போவணும்னு என்ன இருக்கு?"

"அங்க போனா, எங்க வலிக்குதுன்னு கேக்குறான்."

"நானும்தான் கேட்டேன்."

"நெசமாவே வலிச்சுதான்னு கேட்ட."

அவன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அவனுக்கு உன்னைப் புடிக்குமா?" என்றான்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் கேட்டதில்ல."

"உனக்கு?"

"பேட்டரி உருவி வெச்சது ஒரே ஒரு ஆளுக்குத்தான்," என்றாள் ஏமா. "அதுக்குத்தான் நீ என்னைச் சந்தேகப்படுற. வண்டிய எடு."

அவன் எடுத்தான். அன்று இரவு அவன்தான் ரசம் வைத்தான். அவள் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

பல்லை எடுக்கவில்லை. நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஏமா தனியாக மிஷன் வீதிக்குப் போய் மறுபடி எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டாள். அன்று தணிகாசலம் கனகசெட்டிக்குளத்தில் ஒரு மீன் கிடங்கில் கம்ப்ரஸர் மாற்றிக்கொண்டிருந்தான். நடுவில் இரண்டு முறை அவளுக்குப் போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. பல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அடுத்து மே மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சாயங்காலம் சொன்னாள்.